மூன்று வருடக் கணக்கு

(கொழும்பில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணக்கியலில் பட்டப்பின் படிப்பைப் பற்றியும் வேலைக்கு ஆயத்தமாவதைப் பற்றியும் பேசும்படி கேட்டார்கள். செய்தி வெளியே தெரிந்ததும் கேள்விகள் வரத் தொடங்கின. வெள்ளவத்தை மயூராபதி அம்மன் கோயில் வாசலில் ஒரு தாய் செருப்பைத் தேடியபடியே கேட்டார்: "அண்ணை, மகள் சீமா முடிச்சிட்டா. இனி மாஸ்டர்ஸ் செய்ய விடுறதோ, வேலைக்கு விடுறதோ?" கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு தகப்பன் தொலைபேசியில் கேட்டார்: "பையன் ஏ.எல். எழுதிட்டான் சார். டிகிரியா, சாட்டர்டா? எது சீக்கிரம் முடியும்?" இரண்டு பேரும் பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கு நான் பேசப் போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான். முதுமாணிப் பட்டத்தைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் வருவேன்.

கொட்டாஞ்சேனையில் இருந்து நடந்து போகிற தூரத்தில் செட்டியார் தெரு இருக்கிறது. இன்று அது நகைக்கடைத் தெரு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அடுத்த நூற்றாண்டின் முதல் சில தசாப்தங்களிலும் இந்த நாட்டின் கடன் சந்தை அங்கேதான் இருந்தது. ஆங்கில வங்கிகள் உள்ளூர் வணிகரை நேரில் நம்பவில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டியாரை நம்பிக் கொடுத்தன, அவர் அரிசி வியாபாரிக்கும் தென்னந்தோட்டக்காரருக்கும் கொடுத்தார். அந்தக் கடைகளுக்குக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து வந்த பையன்கள் எந்தப் பரீட்சையும் எழுதியவர்கள் அல்லர். பெட்டியடியில் உட்கார்ந்தார்கள். சிட்டை எழுதினார்கள், பேரேட்டில் ஏற்றினார்கள், வட்டி பார்த்தார்கள், வசூலுக்கு நடந்தார்கள். பெட்டியடிப் பையன் பிறகு அடுத்தாள் ஆவான், அதற்கும் பிறகு மேலாள். ப. சிங்காரத்தின் நாவல்களைப் படித்தவர்களுக்கு இந்தப் படிக்கட்டு தெரிந்திருக்கும். அவர் எழுதியது மலேயா, சுமாத்திராப் பக்கத்துக் கடைகளை, ஆனால் ஒழுங்கு ஒன்றுதான்.

மேலாளாக, அதாவது ஏஜெண்டாக, வருகிறவர் முதலாளியிடம் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு வருவார். தவணை வழக்கமாக மூன்று வருடம். தவணை முடிந்தால் ஐந்தொகை எடுத்து, அடுத்து வருகிறவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். பின்னால் தன் தலையில் விழப்போகிற கடன்கள் என்பதால், இது வருமா, வராதா என்று கேட்டு வாங்குவதில் புதியவருக்குச் சொந்த அக்கறை இருந்தது. இன்றைய கணக்காய்வு நிறுவனங்கள் பயிலுனருக்குப் பல மாதம் சொல்லிக் கொடுக்கிற சந்தேகப்படும் கலையைச் செட்டியார் தெரு இப்படி ஒரே ஏற்பாட்டில் சொல்லிக் கொடுத்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் பிரித்தானியாவில் இன்னொரு ஏற்பாடு வளர்ந்தது. 1854-ல் எடின்பரோ கணக்காளர் சங்கமும் 1880-ல் இங்கிலாந்து, வேல்ஸ் சங்கமும் அரச பட்டயம் பெற்றன. அங்கும் பையன் ஒரு கணக்காளரிடம் ஒப்பந்தம் எழுதிச் சேர வேண்டும். வித்தியாசம், அங்கே சேர்த்துக்கொள்வதற்குத் தகப்பன் பணம் கட்ட வேண்டியிருந்தது. அந்த ஒப்பந்தம்தான் 'ஆர்ட்டிகிள்ஸ்' என்ற பெயரோடு கொழும்புக்கு வந்தது. இன்றைய கே.பி.எம்.ஜி.யின் இலங்கை நிறுவனத்துக்கு வேராக இருந்த ஃபோர்ட், றோட்ஸ், தோர்ன்டன் நிறுவனம் 1897-ல் தொடங்கியது. 1959-ஆம் ஆண்டின் 23-ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் உருவானது. அதன் பிறகு லண்டனுக்குக் கப்பல் ஏறாமலே ஒருவர் பட்டயக் கணக்காளர் ஆக முடிந்தது.

மலலசேகர மாவத்தையில் உள்ள அந்த நிறுவகம் கேட்பது மூன்று வருடப் பயிற்சி. பிரித்தானியத் தொழில்முறைச் சங்கங்களில், 1904-ல் தொடங்கிய ஏ.சி.சி.ஏ. கேட்பது 36 மாத அனுபவம். 1919-ல் தொடங்கிய சீமா கேட்பதும் மூன்று வருடம். செட்டியார் தெருவின் தவணையும் மூன்று வருடம். தற்செயலாக இருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு விளக்கம் உண்டு. ஒரு நிறுவனத்தின் வருட முடிவை முதல் தடவை பார்க்கிறவருக்கு ஒன்றும் புரியாது, சொன்னதைச் செய்வார். இரண்டாவது வருடம், போன வருடம் தான் டிக் போட்டு விட்ட இடத்தில் என்ன தவறவிட்டோம் என்று தெரியும். மூன்றாவது வருடம் புதிதாக வந்த பிள்ளை ஒன்றுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டி வரும். சொல்லிக் கொடுக்கும்போதுதான் தனக்கு என்ன தெரியாது என்பது தெரிய வரும். இதைச் சுருக்க முடியாது. "எது சீக்கிரம் முடியும்?" என்று கேட்ட தகப்பனுக்கு என் பதில் இதுதான்: பரீட்சையைச் சுருக்கலாம், விலக்கு வாங்கலாம், ஒரே அமர்வில் பல தாள்கள் எழுதலாம், மூன்று மார்ச் மாதங்களைச் சுருக்க வழியில்லை.

மார்ச் என்று ஏன் சொல்கிறேன் என்று கணக்காய்வுக்குப் போகாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இங்கே பெரும்பாலான கம்பனிகளின் கணக்காண்டு மார்ச் 31-ல் முடிகிறது. வங்கிகளுக்கு டிசம்பர் 31. ஊரே புதுவருடப் பலகாரத்துக்கு எண்ணெய் வாங்கும்போது பயிலுனர்கள் பேலியகொடையிலும் ஒருகொடவத்தையிலும் களஞ்சியங்களில் பெட்டி எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஏட்டில் நானூறு பெட்டி, தரையில் முந்நூற்றுத் தொண்ணூறு. பத்துப் பெட்டி எங்கே? லொறியில் ஏறிவிட்டது என்கிறார் களஞ்சியக்காரர். ஏறியது 31-ஆம் திகதி பிற்பகலா, முதலாம் திகதி காலையா? விற்பனை எந்த வருடத்தில் எழுதப்பட்டது? பாடப் புத்தகத்தில் இது அரைப் பக்கம். களஞ்சியத்தில் இது அரை நாள், அதற்குள் ஒரு மனிதரைக் கோபப்படுத்தாமல் அவரிடமிருந்து விநியோகச் சீட்டுப் புத்தகத்தை வாங்குகிற வேலையும் அடங்கும்.

இவ்வளவு பழைய தொழிற்பயிற்சி மரபு காலடியில் இருக்க, நாங்கள் ஏன் பரீட்சையை மட்டும் இப்படிக் கட்டிப்பிடித்தோம்?

அதற்குக் காரணம் உண்டு, அது வெட்கப்பட வேண்டிய காரணமும் அல்ல. 1956-ல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதுவரை நடுத்தரத் தமிழ்க் குடும்பத்தின் கனவு அரசாங்க எழுதுவினைஞர் வேலை. அந்தக் கதவில் மொழி வந்து நின்றது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது, 1974-ல் மாவட்ட ஒதுக்கீடு. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் வாசல் ஒடுங்கியபோது, லண்டனில் இருந்து வினாத்தாள் வருகிற பரீட்சை எங்களுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. அந்தத் தாள் எந்த மாவட்டம் என்று கேட்கவில்லை, வீட்டில் என்ன மொழி என்று கேட்கவில்லை. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு அதில் இன்னொரு நன்மையும் தெரிந்தது. வீட்டை எரிக்கலாம், கடையை எரிக்கலாம். பரீட்சைச் சான்றிதழை எரித்தால் லண்டனுக்கு எழுதினால் இன்னொரு பிரதி வரும். கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் அந்தச் சான்றிதழோடு போய் ஒரு வருடத்துக்குள் மேசையும் கதிரையும் பெற்றவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் சொந்தக்காரர்கள்.

இன்றும் பல்கலைக்கழக வர்த்தகப் பிரிவு இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்டப்படியும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. கொழும்பு மாவட்டப் பிள்ளை நல்ல இசட் புள்ளியோடும் வெட்டுப்புள்ளிக்கு வெளியே நிற்கலாம். இதை அநியாயம் என்று வெள்ளவத்தையில் சொல்லக் கேட்கிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. காலி வீதியில் இருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒவ்வொன்றிலும் ஒரு ரியூசன் வகுப்பு இருக்கிறது. மொனராகலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? இது இன்றைய பேச்சுக்கு வெளியே போகிற விடயம், விட்டுவிடுகிறேன்.

பரீட்சை எங்களைக் காப்பாற்றியது. காப்பாற்றியதாலேயே அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை என்ற எண்ணம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. சீமா முடிந்ததும் வேலை இல்லையென்றால் ஏ.சி.சி.ஏ., அதுவும் முடிந்தால் மாஸ்டர்ஸ், அதற்குப் பிறகு இன்னொரு டிப்ளோமா. இருபத்தெட்டு வயதில் ஐந்து சான்றிதழோடும் ஒரு நாள் சம்பளமும் இல்லாமலும் நேர்முகத்துக்கு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள். நேர்முகத்தில் எதிரே இருப்பவர் அந்த ஐந்தையும் பார்த்துவிட்டுக் கேட்கிற முதல் கேள்வி, "இவ்வளவு காலம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்பதுதான். அந்தக் கேள்வியில் இரக்கம் இராது.

சரி, முதுமாணிப் பட்டம்.

கொழும்பில் அதற்கு வழிகள் குறைவில்லை. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் கணக்கியல் துறை, அதனோடு சேர்ந்த முகாமைத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவகம், கொழும்பு, களனிப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. வடக்கில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவக் கற்கைகள் வணிக பீடம் இருக்கிறது. ஏ.சி.சி.ஏ. எழுதுகிறவர்கள் அதனோடு இணைந்த லண்டன் பல்கலைக்கழக முதுவிஞ்ஞானமாணியை வீட்டில் இருந்தே முடிக்கலாம். தொழில்முறைத் தகைமை இருந்தால் ஒரு வருடத்தில் எம்.பி.ஏ. தருகிற பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் விளம்பரப் பலகைகள் பம்பலப்பிட்டியில் இருந்து தெஹிவளை வரை தொங்குகின்றன.

இதில் எது நல்லது என்பதைவிட எப்போது என்பதில்தான் எனக்குப் பிடிவாதம். முதுமாணி வகுப்பில் பாதிப் பாடம் விரிவுரையாளரிடமிருந்து வரும், மீதி பக்கத்துக் கதிரையில் இருந்து வரும். பக்கத்தில் ஒரு வங்கி முகாமையாளரும் ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் செலவுக் கணக்காளரும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் தங்கள் வேலையிடத்துத் தலையிடியைக் கொண்டுவந்து வகுப்பில் வைப்பார்கள். இருபத்திரண்டு வயதில் நேரே வந்த பிள்ளை அங்கே குறிப்பெடுக்கும், அவ்வளவுதான். அதே பிள்ளை மூன்று வருடக் களஞ்சியத்துக்கும் இரண்டு வருட அலுவலகத்துக்கும் பிறகு வந்தால், ஆய்வுக்கட்டுரைத் தலைப்பைத் தேடி இணையத்தைத் துழாவாது, அதன் மண்டைக்குள் தலைப்பு ஏற்கெனவே குடைந்துகொண்டிருக்கும். பல்கலைக்கழகத்தில் கற்பிக்க விரும்புகிறவர்களுக்கு நான் இப்படிச் சொல்ல மாட்டேன். அவர்கள் சூடு ஆறுவதற்குள் முதுமாணியும் கலாநிதியும் முடிக்கட்டும், எங்களுக்குத் தமிழில் கணக்கியல் எழுதத் தெரிந்த ஆசிரியர்கள் வேண்டும்.

அமெரிக்கக் கதையைக் கேட்டுவிட்டு வருகிற பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ஒரு வருட முதுமாணிக் கணக்கியல் பட்டம் பெருகியதற்குக் காரணம் சட்டம். கணக்காளர் உரிமமான சி.பி.ஏ.யைப் பெறுவதற்கு 150 கிரெடிட் வேண்டும் என்ற விதியை 1983-ல் முதலில் நடைமுறைப்படுத்தியது ஃபுளோரிடா, பிறகு மற்ற மாநிலங்கள். சாதாரணப் பட்டத்தில் கிடைப்பது 120. மீதி முப்பதை நிரப்ப வந்ததுதான் அந்த ஐந்தாவது வருடம். பெரிய நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து பயிற்சிக்கு ஆள் எடுக்கும். பயிற்சி முடிகிற வாரத்தில் வேலைக் கடிதம் கையில் இருக்கும், பட்டமளிப்பு அதற்குப் பிறகு. ஆக, அங்கேயும் ஆளை எடுப்பது பயிற்சியைப் பார்த்துத்தான். ஐந்தாவது வருடச் செலவும் ஒரு காரணமாக மாணவர்கள் கணக்கியலை விட்டு விலகவே, மாநிலங்கள் இப்போது விதியைத் தளர்த்துகின்றன. இளமாணிப் பட்டமும் இரண்டு வருட அனுபவமும் இருந்தால் போதும் என்ற மாற்று வழியை ஒஹாயோ மாநிலம் 2025 ஜனவரியில் சட்டமாக்கியது. கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பப் போகிறவர்கள், போகிற மாநிலத்தின் விதியை முதலில் வாசியுங்கள், பல்கலைக்கழகத்தின் வண்ணப் புத்தகத்தைப் பிறகு வாசிக்கலாம்.

பட்டத்துக்கு மதிப்பில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2015 ஒக்டோபர் 29 அன்று கொழும்பில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அருகில் உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமா மாணவர்கள் பொலிஸ் தடியடி வாங்கினார்கள். அவர்கள் கேட்டது, தங்கள் டிப்ளோமாவை வணிகமாணிப் பட்டத்துக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்பது. அரசாங்க வேலைக்கான வர்த்தமானியில் 'பட்டதாரி' என்று இருந்தால் டிப்ளோமாக்காரர் விண்ணப்பிக்கவே முடியாது. இலங்கைக் கணக்காளர் சேவைக்கோ கணக்காய்வாளர் நாயகத்தின் தேசிய கணக்காய்வு அலுவலகத்துக்கோ போக விரும்புகிற பிள்ளைக்குப் பட்டம் வாசல் சாவி. அந்த அலுவலகத்தின் தொடக்கம் 1799-க்குப் போகிறது, எங்கள் சமூகம் இப்போது மறந்துபோன வாசல் அது. தனியார் துறை மட்டுமே எங்களுக்கு என்று நாங்களே ஒரு கோடு போட்டுவிட்டோம்.

ஆள்சேர்ப்புக்கு வருகிறேன். கொழும்பில் இப்போது கணக்கியல் பிள்ளைகளை எடுப்பவர்கள் கணக்காய்வு நிறுவனங்கள், வங்கிகள், பெரிய கம்பனிகள். இவர்களோடு, அவுஸ்திரேலியாவின், பிரித்தானியாவின் கணக்குகளை இங்கிருந்து எழுதிக் கொடுக்கிற நிறுவனங்களும் வளர்ந்திருக்கின்றன. கடைசி வகையில் சம்பளம் நன்றாக இருக்கும், குளிரூட்டிய அறை, மாலையில் வீடு. ஆனால் அங்கே ஒரு பிள்ளை ஒரே வேலையை, உதாரணமாகக் கொள்வனவுப் பட்டியல்களைப் பதிவதை, மூன்று வருடம் செய்யக்கூடும். மென்பொருள் முதலில் தின்னப் போவது அந்த வேலையைத்தான். சிறிய கணக்காய்வு நிறுவனத்தில் சொற்பக் கொடுப்பனவோடு சேர்ந்த பிள்ளை ஒரு வருடத்தில் பேக்கரி, பாடசாலை, ஹாட்வெயார் கடை, தேயிலைத் தோட்டம் எல்லாவற்றின் கணக்கையும் பார்த்துவிடும். பெரிய பெயர் கிடைத்தால் போங்கள். கிடைக்காவிட்டால் வீட்டில் இருந்து அடுத்த வருடம் வரை காத்திருக்காதீர்கள்.

நேர்முகக் குழுவில் இருந்தபோது நாங்கள் வழக்கமாகச் செய்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சின்னக் கம்பனியின் இரண்டு வருடக் கணக்கை ஒரே தாளில் அச்சடித்துக் கொடுப்போம். இலாபம் கூடியிருக்கும், வங்கி மீதி குறைந்திருக்கும். ஏன் என்று கேட்போம். முதுமாணி முடித்த ஒரு பிள்ளை வருமானத்தை எப்போது அங்கீகரிக்க வேண்டும் என்ற நியமத்தைப் பிழையில்லாமல், பந்தி இலக்கத்தோடு சொன்னார். அடுத்து வந்த கொட்டாஞ்சேனைப் பையனுக்குப் பந்தி இலக்கம் எதுவும் தெரியவில்லை. தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எங்களையே கேள்வி கேட்டார்: "இவங்க கடனுக்கு விக்கிறாங்களா சார்? எத்தனை நாள்? சீசனுக்கு சாமான் கூடவா வாங்கி வச்சிருக்காங்க?" கெய்சர் வீதியில் மாமாவின் துணிக்கடையில் பாடசாலை விடுமுறையெல்லாம் நின்றவர் அவர். அதைச் சுயவிபரக் கோவையில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, "அது வேலை இல்லையே சார்" என்றார். அவரைத்தான் எடுத்தோம். எடுத்த பிறகு அவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் அறிக்கையைத் திருத்துவதற்குள் மேற்பார்வையாளர் பட்ட பாட்டையும் சொல்லிவிட வேண்டும். கேட்கத் தெரிந்தவருக்கு எழுதச் சொல்லிக் கொடுக்கலாம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டோம், அதற்கு நாங்கள் நினைத்ததைவிட அதிக காலம் எடுத்தது.

ஆகவே எழுதப் பழகுங்கள். சீமாவின் ஒவ்வொரு மட்டத்திலும் கடைசியில் வருகிற மூன்று மணித்தியாலக் கேஸ் ஸ்டடி இதைத்தான் சோதிக்கிறது. கம்பனியைப் பற்றிய விபரம் பரீட்சைக்கு முன்னரே கையில் கிடைக்கும். பரீட்சையில் மேலதிகாரியின் மின்னஞ்சல் வரும், அதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டும். தெரிவு வினாத் தாள்களை வரிசையாகப் பாய்ந்து வந்த எங்கள் பிள்ளைகள் இதில் வந்து முட்டிக்கொள்வதைப் பார்க்கிறேன். ரியூசன் மாஸ்டர் எழுதிக் கொடுத்த பதிலைப் பாடமாக்கிக்கொண்டு போனால், மேலதிகாரி கேட்டது ஒன்று, பிள்ளை எழுதியது ஒன்று. தமிழ் ஊடகத்தில் ஏ.ஏ.ரி. கணக்கியல் பரீட்சை எழுதி வருகிற பிள்ளைகளுக்கு இது இரட்டைப் பாரம். அவர்களுக்கு அறிவு குறைவில்லை. நாளுக்கு ஒரு பக்கம், ஏதாவது ஒரு கம்பனியின் ஆண்டறிக்கையை எடுத்து, இவர்களின் கடன் ஏன் கூடியது என்று எளிய ஆங்கிலத்தில் எழுதிப் பழகினால் ஒரு வருடத்தில் வித்தியாசம் தெரியும். ஆண்டறிக்கைகள் கொழும்புப் பங்குச் சந்தையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதற்கு ரியூசன் தேவையில்லை.

இனிச் சொல்லப் போவது சிலருக்குப் பிடிக்காது. சிங்களம் படியுங்கள். களஞ்சியக்காரர், லொறிச் சாரதி, தொழிற்சாலைக் காசாளர் எவரும் ஆங்கிலத்தில் உண்மை சொல்ல மாட்டார்கள். ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கிற பெட்டிகளைக் காட்டி, இவற்றை மட்டும் ஏன் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று அவருடைய மொழியில், அவர் தோளில் கை வைக்கிற தொனியில் கேட்கத் தெரிந்தவருக்குத்தான், விலை போகாத சரக்கு இலாபமாகக் கணக்கில் இருக்கிறது என்ற செய்தி கிடைக்கும். 1956-ன் காயத்தை வைத்துக்கொண்டு சிங்களத்தை ஒதுக்குகிற வீடுகளை எனக்குத் தெரியும், அந்த உணர்வை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 2007 ஜூலை முதல் அரச சேவையில் சேருகிறவர்கள் இரண்டாவது அரச மொழியையும் கற்க வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. சிங்களப் பிள்ளைகள் அதற்காகத் தமிழ் படிக்கிறார்கள். எவ்வளவு படிக்கிறார்கள் என்பது வேறு கதை.

சந்தேகப்படத் தெரிந்தவர்களுக்கு இந்த நாட்டில் வேலை எப்போதும் இருக்கும். 1980களின் கடைசியில் நிதிக் கம்பனிகள் வரிசையாக விழுந்தன. அதன் பிறகுதான் 1995-ன் 15-ஆம் இலக்கச் சட்டம் வந்து, கணக்கீட்டு, கணக்காய்வு நியமங்களைக் கண்காணிக்க ஒரு சபை அமைந்தது. 2008 டிசம்பரில் கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி விழுந்தபோது ஆயிரக்கணக்கானோரின் வைப்பு அதில் கிடந்தது, வைப்பு ஏற்பதற்கு அந்தக் கம்பனிக்கு உரிமமே இருக்கவில்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஓய்வூதியப் பணத்தை அதிக வட்டிக்குக் கொடுத்துவிட்டு இருந்தவர்கள் உண்டு. 2012 முதல் எங்கள் நியமங்கள் சர்வதேச நியமங்களோடு ஒத்துப் போகின்றன. நியமம் நல்லதுதான், கேள்வி கேட்கிற ஆள் வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி. கணக்கியல் வகுப்புகளில் அவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பெறுபேற்றுப் பட்டியலின் மேலேயும் இருக்கிறார்கள். பயிற்சிக்கு வந்ததும் வீட்டிலிருந்து ஒரு நிபந்தனை வருகிறது: வெளியூர் ஓடிற் வேண்டாம். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துக்கு நான்கு நாள் போக வேண்டிய குழுவில் இருந்து அவர் விலகிக்கொள்கிறார். ஒரு தடவை விலகினால் ஒன்றுமில்லை. மூன்று வருடமும் விலகினால், பயிற்சிப் பதிவேட்டில் வருடங்கள் நிரம்பியிருக்கும், வேலை பழகியிருக்க மாட்டார். பெற்றோர் தங்குமிடத்தைப் பற்றி நிறுவனத்திடம் கேளுங்கள், குழுவில் இன்னொரு பெண் போகிறாரா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

கடைசியாகப் பணம். பயிலுனருக்குக் கிடைப்பது கொடுப்பனவு, அது சம்பளம் ஆகாது. மாதம் 150,000 ரூபாய்க்கு மேல் வருமானம் இருந்தால் வரி என்று 2025 ஏப்பிரலில் எல்லையை உயர்த்தினார்கள். பயிலுனர்கள் அந்த எல்லையைத் தூரத்தில் இருந்து பார்க்கிறவர்கள். மட்டக்களப்பில் இருந்தோ பதுளையில் இருந்தோ வந்து வெள்ளவத்தையில் போர்டிங் எடுத்துத் தங்குகிற பிள்ளைக்கு வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவது இல்லை. 2022 ஏப்பிரல் 12-ல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த வருடத்தில், இருநூறு ரூபாய் அளவில் இருந்த டொலர் முந்நூற்று அறுபதைத் தொட்டது. பவுணில் பரீட்சைக் கட்டணம் கட்டுகிறவர்கள் அமர்வைத் தள்ளிப் போட்டார்கள், தள்ளிப் போட்ட சிலர் திரும்பி வரவில்லை. மூன்று வருடம் பெட்டியடியில் உட்காரும் வசதி யாருக்கு இருக்கிறது என்பதுதான் இந்தத் தொழிலின் உண்மையான வடிகட்டி. பரீட்சை அதற்குப் பிறகுதான்.

அதனால் இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தினரிடம் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு வருடமும் உயர்தரக் கணக்கியலில் முதல் வந்த பிள்ளைக்குப் பதக்கம் கொடுக்கிறீர்கள். முதல் வந்த பிள்ளைக்கு வேறு மூன்று சங்கங்களும் பதக்கம் கொடுக்கின்றன. அந்தப் பணத்தைப் பயிற்சியில் இருக்கிற இரண்டு பிள்ளைகளுக்கு மாதக் கொடுப்பனவாக, மூன்று வருடத்துக்கு, பிரித்துக் கொடுங்கள். ஒருவர் கொழும்புக்கு வெளியே இருந்து வந்தவராக இருக்கட்டும். விண்ணப்பப் படிவத்தில் இசட் புள்ளி கேட்க வேண்டாம், பயிற்சி ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று போதும். போர்டிங் வாடகை, பஸ் கட்டணம், சிங்கள வகுப்புக் கட்டணம் மூன்றுக்கும் சேர்த்து என்ன வரும் என்று நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். பேச்சு முடிந்ததும் தாளைத் தருகிறேன். கூட்டல் பிழை இருந்தால் இங்கே திருத்துவதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.